பழைய பேஸ்பால் கார்ட அனுப்பறதுக்கு முன்னாடி வீட்லயே கிரேடு போட்டு பார்க்கறது எப்படி: முழு வழிகாட்டி

இது 1980-க்கு முன்னாடி வந்த அமெரிக்க பேஸ்பால் கார்டு கையில வச்சிருக்கவங்களுக்கு. கார்டோட நிலைமைய பார்த்து நம்பர் (கிரேடு) போட்டு தர்ற கம்பெனிங்க இருக்கு, அங்க அனுப்பறதுக்கு முன்னாடி நாமளே பார்த்துக்கறதுக்கு தான் இது. டாப்ஸ், போமேன், கௌடி (மூணும் கார்டு போட்ட கம்பெனிங்க), டி206 (சிகரெட் பாக்கெட்ல வந்த பழைய செட்) எதுவா இருந்தாலும் முறை ஒண்ணு தான். புதுசா வர்றவங்க சறுக்கறது பெரும்பாலும் கண்ணுல இல்ல, வரிசைல. கார்ட எடுத்த உடனே நாலு மூலையயும் பார்ப்பாங்க, கூரா இருக்கும், "8 வரும் சார்"னு சந்தோஷமா அனுப்பிடுவாங்க, மூணு மாசம் கழிச்சு 4-னு திரும்பி வரும், இல்லனா நம்பரே இல்லாம "ஆல்டர்டு"னு (யாரோ கை வச்சு மாத்தினது) லேபிளோட வரும். அதனால கீழ சொல்ற வரிசைய மாத்தாதீங்க. முதல் ரெண்டு சோதனைல தோத்துட்டா மிச்சம் எதையும் பார்க்க வேண்டிய அவசியமே இல்ல, அதுக்காகத்தான் இந்த வரிசை.

1. முதல்ல கிரேடு ஸ்கேல் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கோங்க

பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட்னு மூணு கிரேடிங் கம்பெனியுமே 1-லேர்ந்து 10 வரைக்கும் தான் போடுறாங்க. பிஎஸ்ஏ-ல 1 புவர், 1.5 ஃபேர், 2 குட், 3 வெரி குட், 4 வெரி குட்-எக்ஸலண்ட், 5 எக்ஸலண்ட், 6 எக்ஸலண்ட்-மின்ட், 7 நியர் மின்ட், 8 நியர் மின்ட்-மின்ட், 9 மின்ட், 10 ஜெம் மின்ட். பேர பார்த்து ஏமாந்துடாதீங்க, "குட்"னு போட்டிருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, பத்துக்கு ரெண்டு மார்க்னு அர்த்தம். இபே-ல "குட் கண்டிஷன்"னு ஒருத்தர் போட்டத பார்த்து இன்னொருத்தர் 7 எதிர்பார்த்து வாங்கறது தினமும் நடக்குது.

இதுல முக்கியமான விஷயம், கிரேடு சராசரி கிடையாது. பப்ளிக் எக்ஸாம்ல நாலு சப்ஜெக்ட்ல சென்டம் வாங்கிட்டு கணக்குல கோட்டை விட்டா ரிசல்ட் ஃபெயில் தானே, அந்த மாதிரி. மூலை 8, ஓரம் 8, சென்டரிங் (படம் எவ்வளவு நடுவுல உக்காந்திருக்குங்கறது) 8, ஆனா குறுக்கால ஒரு மடிப்பு இருக்குன்னா அது 4 தான், அதுக்கும் கீழ கூட போகும். பெக்கெட்ல சென்டரிங், மூலை, ஓரம், சர்ஃபேஸ்னு நாலயும் தனித்தனியா பார்ப்பாங்க, அங்கயும் இருக்கறதுலயே கம்மியான நம்பர் தான் மொத்தத்த கீழ இழுத்துப் பிடிக்கும். அதனால நம்ம வேலை கார்டுல என்ன நல்லா இருக்குன்னு தேடறது இல்ல, எது ரொம்ப மோசமா இருக்குன்னு கண்டுபிடிக்கறது.

2. மேசைல என்னென்ன இருக்கணும்

10 மடங்கு பெருசாக்கி காட்டற லூப் ஒண்ணு (நகைக்கடைல கண்ணுல வச்சு பார்ப்பாங்களே, அதே தான்), மில்லிமீட்டர் கோடு போட்ட நல்ல ஸ்கேல், கழுத்த வளைக்க முடியற எல்இடி டேபிள் லேம்ப், சின்னதா ஒரு அல்ட்ராவயலட் டார்ச், சுத்தமான துணி. கைய கழுவி ஈரம் போக துடைச்சிட்டு கார்ட ஓரத்துல பிடிங்க. துணி கிளவுஸ் வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன், பிடி வழுக்கும், நூல் மூலைல மாட்டும்.

இன்னொண்ணும் வேணும், இத யாரும் எடுத்து வைக்கறது இல்ல: அதே வருஷம் அதே செட்ல விலை கம்மியான சாதாரண கார்டு ரெண்டு மூணு. உங்க கார்டு 1963 டாப்ஸ் பீட் ரோஸ்னா, பேர் தெரியாத பிளேயரோட 1963 டாப்ஸ் கார்டு மூணு வாங்கி பக்கத்துல வச்சுக்கோங்க. பேப்பர் எவ்வளவு தடிமன், பின்பக்கம் என்ன கலர், ஓரம் எப்படி வெட்டியிருக்கு, எல்லாத்துக்கும் அது தான் உங்க அளவுகோல். வீடியோ பத்து பார்க்கறதுக்கு இது மேல்.

3. ஒரிஜினல் தானான்னு பாருங்க

கண்டிஷன் அப்புறம். ரீபிரிண்ட்டுக்கு கண்டிஷன் பார்த்து என்ன பண்ண போறோம்.

லூப்ல பார்த்தா பழைய கார்டோட படம் கலர் புள்ளி புள்ளியா தெரியும், அது சரி தான். ஆனா பேர், பார்டர் கோடு, கறுப்பு எழுத்து இதெல்லாம் பெரும்பாலான செட்ல அழுத்தமான ஒரே மையா இருக்கும். ஒரிஜினல ஸ்கேன் பண்ணி திரும்ப அச்சடிச்சா அந்த எழுத்தும் கோடும் கூட புள்ளியா உடைஞ்சு நிக்கும். பக்கத்துல வச்ச சாதாரண கார்டோட ஒப்பிட்டா ரெண்டு நிமிஷத்துல பிடிபடும்.

அப்புறம் ரூம இருட்டாக்கிட்டு யுவி டார்ச் அடிங்க. பேப்பர வெள்ளையா காட்டறதுக்கு சேர்க்கற கெமிக்கல் ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் தான் பரவலாச்சு. அதனால 1909-11 டி206-ஓ 1933 கௌடியோ நீலமா பளிச்சுனு ஒளிர்ந்துச்சுன்னா பேப்பர் புதுசு, கதை முடிஞ்சுது. ஒளிரலன்னா மட்டும் ஒரிஜினல்னு முடிவு கட்டிடாதீங்க, பழைய பேப்பர்லயே அச்சடிக்கறவங்களும் இருக்காங்க. இந்த டெஸ்ட் கார்ட வெளிய தள்ளறதுக்கு தான் உதவும், உள்ள சேர்க்கறதுக்கு இல்ல.

4. அளந்து பாருங்க, வெட்டியிருக்காங்களான்னு பாருங்க

1957-லேர்ந்து டாப்ஸ் கார்டு 2½ க்கு 3½ இன்ச், அதாவது 63.5 க்கு 88.9 மில்லிமீட்டர். 1952-லேர்ந்து 1956 வரைக்கும் வந்த டாப்ஸ் அதவிட பெருசு, 2⅝ க்கு 3¾ இன்ச். 1951 போமேன் 2 1/16 க்கு 3⅛. 1933 கௌடி 2⅜ க்கு 2⅞. டி206 1 7/16 க்கு 2⅝. இத தெரிஞ்சு வச்சிருந்தாலே பல ஏமாத்து வேலை பிடிபட்டுடும். உதாரணமா 1952 செட்ட டாப்ஸே 1983-ல ரீபிரிண்ட் போட்டாங்க, அது 2½ க்கு 3½ சைஸ். ஸ்கேல் வச்ச உடனே தெரிஞ்சுடும்.

அளவு கம்மியா இருந்தா ரெண்டு காரணம் இருக்கலாம், ஃபேக்டரிலயே அப்படி வெட்டியிருக்கலாம், இல்லனா யாரோ பின்னாடி பிளேடு வச்சு தேஞ்ச ஓரத்த சீவியிருக்கலாம். டி206 மாதிரி செட்ல ஒரு கார்டுக்கும் இன்னொரு கார்டுக்கும் சைஸ் கொஞ்சம் மாறும், அதனால ஸ்கேல மட்டும் நம்பாதீங்க. அதேபோல அளவு சரியா இருக்குன்னு வெட்டலன்னும் சொல்லிட முடியாது, ஃபேக்டரிலேர்ந்து கொஞ்சம் பெருசா வந்த கார்ட சீவினா சரியான சைஸ்ல வந்து நிக்கும்.

ஓரத்த பாருங்க. கார்ட நிமிர்த்தி பக்கவாட்டுல லூப் வச்சு நாலு ஓரத்தயும் வரிசையா பார்க்கணும். அறுபது வருஷ கார்டோட ஓரம் ஒரே மாதிரி மங்கி, லேசா அழுக்கேறி, நார் நாரா இருக்கும். மூணு ஓரம் அப்படி இருந்து ஒண்ணு மட்டும் வெளேர்னு வழுவழுப்பா இருந்தா சந்தேகப்படுங்க. நேர் கோடா இல்லாம நடுவுல உள்வாங்கி இருக்கறது, மூலை கொக்கி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கறது, இதுவும் கை வெட்டோட அடையாளம். உடம்பு முழுக்க தேய்மானம் இருக்கற கார்டுல மூலை மட்டும் கத்தி மாதிரி இருந்தா அதுவே பெரிய சாட்சி.

நிபுணர் கண்ணுக்கே தப்பும்ங்கறதுக்கு இதவிட பெரிய உதாரணம் வேணுமா: பிஎஸ்ஏ முதன்முதலா 1991-ல கிரேடு பண்ணின கார்டே டி206 ஹோனஸ் வாக்னர் தான், 8 குடுத்தாங்க. அதோட ஓரத்த நான் தான் வெட்டினேன்னு 2013-ல பில் மாஸ்ட்ரோங்கற கார்டு ஏலக்காரர் ஒத்துக்கிட்டார். இப்ப எல்லாம் ரொம்ப கறாரா பார்க்கறாங்க. வெட்டினது, கலர் அடிச்சது, கிழிஞ்சத ஒட்டினது, ரசாயனம் போட்டு சுத்தம் பண்ணினது, எதுல மாட்டினாலும் நம்பர் கிடையாது, நீங்க கேட்டுக்கிட்டா "ஒரிஜினல் ஆனா மாத்தப்பட்டது"னு மட்டும் லேபிள் ஒட்டி குடுப்பாங்க.

5. மடிப்பு தேடுங்க, இதுக்கு தான் நிறைய நேரம் வேணும்

பெரிய லைட்ட அணைச்சிடுங்க. டேபிள் லேம்ப்ப தாழ்த்தி வெளிச்சம் கார்டு மேல கிட்டத்தட்ட படுத்தாப்ல விழற மாதிரி வைங்க. கார்ட கண்ணு மட்டத்துக்கு கொண்டுவந்து மெதுவா முன்னாடி பின்னாடி சாய்ச்சு பாருங்க, பளபளப்பு ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் நகர்ந்து போகும், அது போற வழில எங்கயாவது ஒரு மயிரிழைல உடைஞ்சா அங்க மடிப்போ சுருக்கமோ இருக்கு. அப்புறம் கார்ட 90 டிகிரி திருப்பி மறுபடியும். வெளிச்சத்துக்கு இணையா ஓடற கோடு முதல் தடவ தெரியாது, திருப்பினா தான் தெரியும். பின்பக்கமும் இதே மாதிரி ரெண்டு தடவ.

நேர் வெளிச்சத்துலயும் ஸ்கேன்லயும் இது சுத்தமா தெரியாது. ஆன்லைன்ல போட்டோ பார்த்து வாங்கின "7"ங்க கைக்கு வந்ததும் 4 ஆகறது பெரும்பாலும் இதனால தான், அதனால வாங்கறதுக்கு முன்னாடியே விக்கறவர்கிட்ட சாய்ச்சு எடுத்த போட்டோ கேளுங்க. தர மாட்டேன்னா அதுவும் ஒரு பதில் தான்.

ஒரு பக்கத்துல மட்டும் தெரியறது சுருக்கம். ரெண்டு பக்கமும் ஊடுருவி இருந்தா மடிப்பு. பிஎஸ்ஏ 4-ல லேசான மடிப்பு ஒண்ணு அனுமதி, 3-ல கொஞ்சம் எடுப்பா தெரியற மடிப்பு, 2-ல பல மடிப்பு, அதுக்கு கீழ மை உடைஞ்சு பேப்பர் தெரியற கனமான மடிப்பு. பின்பக்கம் மட்டும் இருக்கற சின்ன சுருக்கம்னா நடைமுறைல 5, 6 பக்கம் வந்து நிக்கும், மத்ததெல்லாம் எவ்வளவு நல்லா இருந்தாலும் சரி.

6. பின்பக்கத்த திருப்புங்க

இத தனி ஸ்டெப்பா வச்சதுக்கு காரணம், முக்கால்வாசி பேர் பின்பக்கத்த பார்க்கறதே இல்ல. முகம் அழகா இருக்கும், பின்னாடி ஆல்பத்துலேர்ந்து பிய்ச்சு எடுத்ததுல பேப்பர் போயிருக்கும். பேப்பர் உரிஞ்சு எழுத்து காணாம போயிருந்தா பொதுவா 1, 2-னு தான் நினைச்சுக்கணும்.

அடுத்து பேனா, பென்சில். அந்த காலத்து பசங்க செக்லிஸ்ட் கார்டுல (செட்ல என்னென்ன கார்டு இருக்குன்னு பட்டியல் போட்டது) டிக் அடிச்சிருப்பாங்க, பின்னாடி பேர் எழுதியிருப்பாங்க, டீம் மாறினா புது டீம் பேர எழுதியிருப்பாங்க (அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்). பென்சில் கோட்ட ரப்பர் வச்சு அழிக்காதீங்க, அழிச்ச இடத்துல பேப்பர் பஞ்சு மாதிரி எழும்பி, அழுத்தின பள்ளம் சாய்ச்ச வெளிச்சத்துல அப்படியே தெரியும்.

மெழுகு கறையும் பபுள்கம் கறையும் பின்பக்கத்துல வர்றது சகஜம், ஏன்னா கார்டு மெழுகு பேப்பர் பாக்கெட்ல கம்மோட வந்தது. பின்னாடி மிக லேசான மெழுகு கறை இருந்தும் 9, 8 கிடைக்கலாம்னு பிஎஸ்ஏ விதிலயே இருக்கு. கம் கறை பழுப்பா ஊறியிருந்தா அப்படி இல்ல.

7. மூலை

இப்ப தான் மூலைக்கு வரணும். கறுப்பு அட்டை மேல கார்ட வைங்க, வெள்ளை பார்டர் மூலை எங்க முடியுதுன்னு தெளிவா தெரியும். ஒவ்வொரு மூலையயும் முன்னாடியும் பின்னாடியுமா எட்டு தடவ லூப்ல பாருங்க.

கூர் போகாம நார் மட்டும் ஒண்ணு ரெண்டு மூலைல மிக மிக லேசா எழும்பியிருந்தா 8. சில மூலைல லேசா பிசிறு தட்டினா 7. பிசிறு நல்லா தெரிஞ்சா 6. உருண்டை ஆரம்பிச்சாலே 5. வெறும் கண்ணுக்கே உருண்டையா தெரிஞ்சா 4, 3. மூலை நல்லா உருண்டு தேய்ஞ்சிருந்தா 2. இது தோராயம் தான், ஆனா மூலைய வச்சு மேல தூக்கி போடறதவிட கீழ போடறது நல்லது, ஏன்னா நம்ம கார்டுன்னாலே நம்ம கண்ணு ஒரு மார்க் சேர்த்து போடும்.

மூலைல அடுக்கு பிரிஞ்சிருந்தா கோந்து வச்சு ஒட்டாதீங்க, விரலால அழுத்தி சரி பண்ணவும் பண்ணாதீங்க. 4-ஆ போக வேண்டியது நம்பரே இல்லாம போயிடும்.

8. ஓரம்

வெள்ளை பார்டர் செட்ல ஓரம் அவ்வளவா தொல்லை இல்ல. கலர் பார்டர்ல தான் உயிர் போகும். 1971 டாப்ஸ் முழுக்க கறுப்பு பார்டர், நகம் பட்டாலே வெள்ளையா பெயர்ந்துடும். 1962 டாப்ஸ் மர டிசைன், 1963 டாப்ஸ் கீழ்ப்பக்கம் கலர் பட்டை, 1975 டாப்ஸ் ரெண்டு கலர் பார்டர், எல்லாம் இதே கதை. அதனாலயே இந்த மாதிரி செட்ல 8 கிடைக்கறது கஷ்டம், விலையும் அதுக்கேத்த மாதிரி ஏறும்.

இங்க தான் மார்க்கர் பேனா வேலையும் நடக்கும். 1971 கார்டு வாங்கறீங்கன்னா கறுப்பு பார்டரோட ஓரத்த பக்கவாட்டுல இருந்து பாருங்க. அச்சு மை மேற்பரப்புல மட்டும் தான் இருக்கும், கார்டோட தடிமன்ல பேப்பர் கலர் தெரியணும். அங்கயும் கறுப்பு இறங்கியிருந்தா யாரோ பூசியிருக்காங்க.

ஓ-பீ-சீன்னு கனடால வந்த கார்டுங்க, முக்கியமா ஹாக்கி, ஓரம் பிசிர் பிசிரா இருக்கும், 1979 கிரெட்ஸ்கி ரூக்கி (அவரோட முதல் கார்டு) உட்பட. அது ஃபேக்டரி வெட்டு, அதுக்கு பயப்படாதீங்க. சொல்லப்போனா ஓ-பீ-சீ ஓரம் நாலும் வழவழன்னு இருந்தா தான் யோசிக்கணும்.

9. முன்பக்க சர்ஃபேஸ்

கீறல், பளபளப்பு போனது, மை உரிஞ்சது, அச்சுல விழுந்த புள்ளி, படம் ரெண்டா தெரியற மாதிரி கலர் விலகினது. முதல் மூணும் உபயோகத்துல வந்தது, கடைசி ரெண்டும் பிறவிலயே வந்தது, ஆனா ரெண்டுக்கும் மார்க் குறையும். "இது ஃபேக்டரி குறை, என் தப்பு இல்ல"ன்னு கிரேடர் விட்டுட மாட்டார். கறைய துடைச்சு எடுக்கலாமான்னு தோணும், தோணட்டும், கைய வைக்காதீங்க.

10. சென்டரிங்: கண்ணால இல்ல, ஸ்கேலால

இடது பார்டர் எத்தன மில்லிமீட்டர், வலது எத்தன, ரெண்டயும் கூட்டி சதவீதமாக்குங்க. இடது 3, வலது 2-ன்னா மொத்தம் 5, அப்ப 60/40. மேல-கீழயும் இதே மாதிரி. ரெண்டுல எது மோசமோ அத தான் எடுத்துக்கணும், பல பேர் நல்லா இருக்கறத எடுத்துக்கறாங்க.

பிஎஸ்ஏ-ல முன்பக்கம் தோராயமா 9-க்கு 60/40, 8-க்கு 65/35, 7-க்கு 70/30, 6-க்கு 80/20, 5-க்கு 85/15. பின்பக்கம் 90/10 வரைக்கும் இந்த கிரேடு எல்லாத்துக்கும் விட்டுக் குடுப்பாங்க. கார்டு சாய்வா வெட்டியிருந்தா பார்டரோட அகலமான இடத்துலயும் ஒல்லியான இடத்துலயும் அளந்து பாருங்க, ஒரே இடத்துல அளந்தா தப்பா வரும்.

பார்டரே இல்லாத கார்டா இருந்தா படத்த சுத்தி இருக்கற எழுத்து, பெட்டி எங்க உக்காந்திருக்குன்னு பக்கத்து கார்டோட ஒப்பிடணும், அதுக்கும் அந்த சாதாரண கார்டுங்க தான் கை குடுக்கும்.

11. நம்பர் போடுங்க, குவாலிஃபையரயும் (நம்பர் பக்கத்துல குறைய சொல்ற எழுத்து) யோசிங்க

ஒவ்வொரு ஸ்டெப்லயும் வந்த நம்பர பேப்பர்ல எழுதி, இருக்கறதுலயே கம்மிய வட்டம் போடுங்க. ஒரு 1963 டாப்ஸ்னு வச்சுக்கோங்க: மூலை 7, ஓரம் 6, சென்டரிங் 68/32 அதனால 7, பின்னாடி சின்னதா ஒரு சுருக்கம் 5. உங்க கார்டு 5. ஆறேகால்னு சராசரி போட்டு கனவு காண வேண்டாம்.

பிஎஸ்ஏ-ல மட்டும் ஒரு வழி இருக்கு. மத்ததெல்லாம் 8 தகுதி, ஆனா சென்டரிங் மட்டும் ஒரு பக்கம் ஓடிப்போச்சுன்னா "8, ஓசி"ன்னு போடுவாங்க, ஓசின்னா சென்டர் தப்பினது. இதே மாதிரி கறைக்கு எஸ்டி, எழுத்துக்கு எம்கே, அச்சு குறைக்கு பிடி, படம் மங்கலுக்கு ஓஎஃப், வெட்டு தப்பினதுக்கு எம்சி. வாங்கறவங்க பொதுவா ஓசி போட்ட 8-ஐ 6 மாதிரி தான் மதிக்கறாங்க. குவாலிஃபையர் வேண்டாம், நேரா குறைச்ச நம்பரே போடுங்கன்னு ஃபார்ம்ல கேக்கலாம். விக்கறதுக்குன்னா நான் அப்படித்தான் கேக்க சொல்லுவேன், லேபிள்ல ரெண்டு எழுத்து கூட இருந்தாலே பல பேர் ஸ்க்ரோல் பண்ணி போயிடறாங்க.

12. எந்த கம்பெனி

செட் முழுசா ஒரே கம்பெனி ஸ்லாப்ல (கிரேடு போட்ட கார்ட சீல் பண்ணி தர்ற பிளாஸ்டிக் பெட்டி) வேணும்னா ஏற்கனவே எதுல இருக்கோ அதுலயே போங்க. விக்கறதுன்னா பிஎஸ்ஏ-க்கு வாங்கறவங்க ஜாஸ்தி. எஸ்ஜிசி-யோட கறுப்பு ஃப்ரேம்ல போருக்கு முந்தின கார்டு பார்க்க அம்சமா இருக்கும், அது விலை போகாதுன்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, 2022 ஆகஸ்ட்ல 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு போன 1952 டாப்ஸ் மிக்கி மேண்டில் எஸ்ஜிசி 9.5 தான். பழைய எஸ்ஜிசி லேபிள்ல 84, 60, 50-ன்னு இருந்தா மிரளாதீங்க, அது பழைய 100 பாயிண்ட் ஸ்கேல், 84-ன்னா 7, 60-ன்னா 5, 50-ன்னா 4. "84 மார்க் கார்டு"ன்னு சொல்லி 8 விலைக்கு விக்கறவங்க இருக்காங்க.

கூட்டி கழிச்சு பாருங்க: நீங்க போட்ட நம்பர்ல அந்த கார்டு நிஜமா என்ன விலைக்கு போயிருக்குன்னு முடிஞ்ச ஏலத்த தேடி, அதுலேர்ந்து கிரேடிங் ஃபீஸ், ரெண்டு பக்க ஷிப்பிங் கழிங்க. அப்புறம் ஒரு கிரேடு கீழ வந்தா என்ன ஆகும்னும் பாருங்க. கீழ வந்தா நஷ்டம்னா அனுப்பாதீங்க.

13. பேக்கிங்

இவ்வளவும் பார்த்து பேக் பண்ணும்போது மூலைய நசுக்கறவங்கள என்ன சொல்றது. மெல்லிசான பிளாஸ்டிக் ஸ்லீவ்ல (உறை) கார்ட நுழைக்கும்போது ஸ்லீவ் வாய நல்லா விரிச்சு, கீழ் ஓரம் முழுசும் ஒரே நேரத்துல உள்ள போற மாதிரி இறக்குங்க. அப்புறம் கார்ட் சேவர் 1 மாதிரி வளையற ஹோல்டர். கெட்டியான டாப்லோடர் வேண்டாம், வெளிய எடுக்கறது கஷ்டம்னு கிரேடிங் கம்பெனிங்களே பாதி வளையற ஹோல்டர தான் கேக்கறாங்க. 1952-56 டாப்ஸ் சாதாரண சைஸ் ஸ்லீவ்ல போகாது, பெரிய ஸ்லீவ் வாங்கிக்கோங்க, "கொஞ்சம் அழுத்தினா போயிடும்"னு நினைச்ச இடத்துல தான் மூலை போகும்.

ஹோல்டர் வாய்ல டேப் ஒட்டாதீங்க, கார்ட வெளிய இழுக்கும்போது பசை பட்டுடும். ஸ்லீவ் மேல சின்ன துண்டு பேப்பர் டேப் இழுக்கறதுக்கு வாட்டமா விட்டா போதும். எல்லாத்தயும் ஃபார்ம்ல எழுதின வரிசைலயே அடுக்கி, ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு ரப்பர் பேண்ட தளர்வா போடுங்க, இறுக்கினா நடுவுல வளைஞ்சுடும். மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கார்டயும் முன்னாடி பின்னாடி போட்டோ எடுத்து, நீங்க போட்ட நம்பரயும் பக்கத்துல குறிச்சு வைங்க. ஸ்லாப் திரும்பி வந்ததும் எந்த ஸ்டெப்ல உங்க கண்ணும் அவங்க கண்ணும் வேறுபட்டுச்சுன்னு அதுல தான் தெரியும், அடுத்த தடவ அந்த ஸ்டெப்புக்கு கூட அஞ்சு நிமிஷம் குடுங்க.